பிறகு கேள்

கருவிகளை எழுப்பும் கலையில் தேர்ந்த ஆசிரியை ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்தார். எஸ்தர் என்று பெயர். ஒரு மின்சுற்றுப் போர்டில் மின்சாரம் பாய்ந்ததும் அதிலுள்ள ஒவ்வொரு சில்லும் தன் வேலையைத் தொடங்க வேண்டும். தொடங்க வைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதத்தான் அவர் கற்றுக்கொடுத்தார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் தங்களைச் சீடர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கேலிக்குத்தான். சம்பளச் சீட்டில் வேறு பதவி இருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம். தினமும் காலையில் எல்லோரும் அமர்ந்ததும் பெயர் சொல்லி அழைப்பார். வந்தவர்கள் "இருக்கேன்" என்பார்கள். பதில் வராத பெயருக்காகச் சற்றுக் காத்திருப்பார். பிறகு மற்றவர்களை அழைப்பார். எல்லோரும் முடிந்ததும் திரும்ப வந்து அதே பெயரை அழைப்பார். அதற்கும் பதில் வராவிட்டால் மத்தியானம் அழைப்பார்.

பூவரசன் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் ரஹ்மத்துல்லா வந்திருக்கவில்லை.

"ரஹ்மத்துல்லா."

"டீ குடிக்கப் போயிருக்காரு மேடம். இதோ வந்துடுவாரு" என்றான் பூவரசன்.

"உன் பேரு ரஹ்மத்துல்லாவா?"

"இல்ல மேடம்."

"அப்ப நீ ஏன் பேசுறே?"

எல்லோரும் சிரித்தார்கள். பூவரசனுக்குக் காது சுட்டது. ரஹ்மத்துல்லா எங்கே இருந்தார் என்று அவனுக்கு நிஜமாகவே தெரியாது. கல்லூரியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம் அது. அங்கே நான்கு பேருக்காக நான்கு குரலில் "உள்ளேன் ஐயா" சொல்வான். அதில் ஒருவன் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவன். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். பூவரசனின் குரலால்தான் அவன் பட்டம் வாங்கினான். அதைத் தப்பு என்று பூவரசன் ஒருநாளும் நினைத்ததில்லை.

சின்னசேலம் பக்கம் ஒரு கிராமம் அவனுக்கு. வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் அவன்தான். "பையன் ஃபேன் ரெகுலேட்டர் கம்பெனியில இருக்கான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவன் திருத்தவில்லை. பாதி உண்மைதானே.

அந்த நிறுவனம் செய்தது விஷவாயுமானி. கையில் அடங்கும் மஞ்சள் பெட்டி. கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கும் முன் அதைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். வாயு இருந்தால் கத்தும். இல்லாவிட்டால் பூஜ்யம் காட்டும்.

உள்ளே முகரும் சென்சார் ஒன்று உண்டு. அது அடுப்பு மாதிரி. சூடாக இருந்தால்தான் முகரும். ஆறிக் கிடந்தால் அதற்கு எல்லாக் காற்றும் நல்ல காற்று. சூடேற்றும் மின்சாரத்தை அளந்து கொடுப்பது ரெகுலேட்டர் என்கிற சின்ன உறுப்பு.

முதலில் வந்த போர்டில் அந்த ரெகுலேட்டரே கிடையாது. மின்சாரம் நேராகச் சென்சாருக்குப் போனது. ஆனால் டிரைவருக்கு அது தெரியாது. எழுந்ததும் "ரெகுலேட்டர் எங்கே?" என்று கேட்கும். இல்லை என்று பதில் வந்ததும் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். பெட்டி எழாது. வாங்கியவர்கள் திட்டினார்கள்.

பூவரசன் அதைச் சரிசெய்தான். ரெகுலேட்டர் கிடைக்கவில்லையா, மின்சாரம் நேராக வருகிறது என்று எடுத்துக்கொண்டு மேலே போ. அவ்வளவுதான் அவன் எழுதியது. பெட்டிகள் எழுந்தன. முதலாளி தண்டபாணி அவன் தோளில் தட்டினார். அந்த மாதமே அவன் வேலை நிரந்தரமானது.

எஸ்தர் அந்த நிரலைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிடைக்கவில்லைன்னா?"

"இல்லைன்னு அர்த்தம் மேடம்."

"யோசிச்சுட்டு வந்து சொல்லு."

அவன் யோசித்தான். வேறு அர்த்தம் எதுவும் தோன்றவில்லை. மறுநாள் அதையே சொன்னான். முதலாளி வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். எஸ்தர் கையெழுத்துப் போட்டார்.

பிறகு புதிய போர்டு வந்தது. அதில் ரெகுலேட்டர் இருந்தது. டிரைவர் கேட்டது, ரெகுலேட்டர் கிடைத்தது, சென்சார் சூடேறியது. சோதனைப் பெஞ்சில் வைத்து எத்தனை முறை பார்த்தாலும் சரியாகவே இருந்தது. பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கிவிட்டு வரும் வேலை பூவரசனுக்கு. வடசென்னையில் தொட்டி சுத்தம் செய்யும் ஆட்களை வைத்திருந்த லோகு மேஸ்திரி என்று ஒருவர். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நமக்குப் படிப்பு ஏறல. சுருக்கமாச் சொல்லு. இது கத்துனா ஓடணும். கத்தலன்னா எறங்கணும். கரெக்டா?"

"அவ்வளவுதான்ணே."

"அப்ப என் பொண்டாட்டிக்கு நேர் எதிர். அவ கத்தலன்னாதான் நான் ஓடணும்."

பூவரசன் வாய்விட்டுச் சிரித்தான். லோகு அவனை விடவில்லை. மீன்குழம்போடு சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

மார்கழியில் அந்தச் செய்தி வந்தது.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஆலை. கழிவுத் தொட்டியில் இறங்கிய கன்னியப்பன் என்பவர் ஏறவில்லை. பெட்டி பூஜ்யம் காட்டிய பிறகுதான் இறங்கியிருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் ஒருவர் துண்டில் சுற்றி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். கன்னியப்பனின் மச்சான். தனசேகர் என்று பெயர். மேலே நின்று கயிறு பிடித்தவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"காலையில வெள்ளனவே வண்டியில பெட்டி கெடந்துச்சு சார். பனி. எடுத்துத் தொடச்சு, ஆன் பண்ணி உள்ள விட்டோம். நான்தான் பாத்தேன். பூஜ்யம்தான் இருந்துச்சு. ஒண்ணும் இல்ல மாமா, எறங்குன்னு நான்தான் சொன்னேன்."

அவர் பெட்டியைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"எங்கக்கா கேக்குது. நீ ஒழுங்காப் பாத்தியாடான்னு. பாத்தேன்னுதான் சொன்னேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு." அவர் பூவரசனைப் பார்த்தார். அறையில் தெரிந்த முகம் அது ஒன்றுதான். "நீங்கதான சார் வந்து சொல்லிக் குடுத்தீங்க. நான் பாத்தது சரிதானா?"

பூவரசன் பெட்டியை வாங்கிப் பெஞ்சில் வைத்தான். ஆன் செய்தான். சோதனை வாயுவைக் குழாய் வழியாகக் காட்டினான். பெட்டி கத்தியது. அணைத்து மறுபடி ஆன் செய்தான். கத்தியது. எத்தனை முறை செய்தாலும் கத்தியது.

அவன் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகியது. அப்படி இளகியதை அவனே கவனித்தான். தனசேகரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான இருக்கு" என்றார் தனசேகர் மெதுவாக. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "பெட்டியில கோளாறு இல்ல. பாவம், பதட்டத்துல சரியாப் பாத்திருக்க மாட்டான். தொழிற்சாலை ஆய்வாளர் ரிப்போர்ட் கேட்டிருக்கார். காலையில எழுதிக் குடுத்துடலாம்."

"வாங்குனவங்க எல்லாருக்கும் போன் பண்ணி, தெரியுற வரைக்கும் இறங்க வேண்டாம்னு சொல்லிடலாம்" என்றார் எஸ்தர்.

"காரணம் என்னன்னு சொல்றது? பெட்டிதான் கத்துதே. கோளாறு இருந்தா காட்டுங்க மேடம், நானே போன் பண்றேன்."

அவர் போன பிறகு பூவரசன் பெஞ்சருகிலேயே நின்றான்.

"மேடம், என் மேல தப்பு இருக்கா?"

எஸ்தர் பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கே எல்லோரும் சாப்பாடு வைக்கும் ஃபிரிட்ஜ் இருந்தது. மேல் தட்டைக் காலி செய்தார்.

பின்னால் வந்த ரஹ்மத்துல்லா எட்டிப் பார்த்தார். "மேடம், அது என் தயிர்."

"கீழ வச்சுக்கோ."

பெட்டியை மேல் தட்டில் வைத்துக் கதவை மூடினார்.

"காலையில சீக்கிரம் வா" என்றார் பூவரசனிடம்.

காலையில் அவன் வந்தபோது ஆசிரியை பெஞ்சருகில் இருந்தார். பெட்டியை அவன்தான் எடுத்துவந்தான். கை சில்லிட்டது. மஞ்சள் பெட்டி மேல் நீர் முத்து முத்தாக அரும்பியது. பனியில் கிடந்த பெட்டி இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கணினியோடு இணைத்தான். ஆன் செய்தான்.

"வாயுவைக் காட்டு."

காட்டினான்.

பெட்டி கத்தவில்லை.

குழாயைச் சரிபார்த்தான். வாயு உருளையின் திருகைச் சரிபார்த்தான். வாயு வந்துகொண்டுதான் இருந்தது. திரையில் பூஜ்யம் அசையாமல் நின்றது.

"என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

"எதை மோந்து பாத்துட்டு?"

அவன் விரலால் சென்சாரின் மூடியைத் தொட்டான். ஆறிக் கிடந்தது.

"எழுந்தப்ப என்ன பேசிக்கிச்சுன்னு வாசி" என்றார் எஸ்தர்.

கணினித் திரையில் பெட்டியின் பேச்சு வரிவரியாக இருந்தது.

"ரெகுலேட்டர் எங்கேன்னு கேட்டிருக்கு."

"யாரு?"

"நம்ம டிரைவர்."

"என்ன பதில்?"

அந்த வரியை அவன் மனசுக்குள் ஒருமுறை வாசித்தான். பிறகு வாய்விட்டு வாசித்தான். "இன்னும் எழவில்லை. பிறகு கேள்."

"அடுத்த வரி?"

"ரெகுலேட்டர் இல்லை. மின்சாரம் நேராக வருகிறது. தொடர்கிறேன்."

"இது யாரு வரி?"

"நான் எழுதினது."

வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வரும் ஒலி கேட்டது. அவன் அந்த இரண்டு வரிகளையும் மறுபடி வாசித்தான்.

"குளிர்ல ரெகுலேட்டர் எழ லேட்டாகுது. நம்ம டிரைவர் திரும்பக் கேக்கல" என்றான் பூவரசன். "சூட்டுல முன்னாடியே எழுந்து நிக்குது. அதான் பெஞ்சுல தெரியல."

"ம்."

"முதல் போர்டுல நிஜமாவே கிடையாது மேடம். அதுக்காகத்தான் எழுதினேன். இல்லாத ஒண்ணுக்காகப் பெட்டி நின்னுடக் கூடாதுன்னு."

"அந்த போர்டு என்ன பதில் சொல்லும்?"

பழைய பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. எடுத்து இணைத்து, திரையில் வந்த பதிலை வாசித்தான். "அப்படி ஒன்று இங்கே கிடையாது."

"புதுப் பெட்டி?"

"பிறகு கேள்."

"உன் காதுல ரெண்டும் எப்படி விழுந்துச்சு?"

அவன் தலை குனிந்தான்.

அப்போது அவனுக்குத் தனசேகர் நினைவு வந்தது. ஒண்ணும் இல்ல மாமா, எறங்கு. தான் எழுதிய வரியைத்தான் அந்த மனிதர் அப்படியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

"வாங்குனவங்க எண்கள் யாரு கிட்ட இருக்கு?" என்று கேட்டார் எஸ்தர்.

"எங்கிட்டதான். போன்ல. எல்லா இடத்துக்கும் நான்தான் போனேன்."

"மேல வா. எல்லாரும் வந்திருப்பாங்க. பிரிச்சுக் கூப்பிடலாம்." அவர் முன்னால் படியேறினார்.

பூவரசன் பெட்டியை அணைத்தான். படியில் பாதி ஏறியபோது முதலாளி எதிரே இறங்கி வந்தார். கையில் ஒரு தாள்.

"உன்னைத்தான் தேடினேன். ஒரு கையெழுத்து போடுப்பா."

அவன் வாசித்தான். *பரிசோதனையில் கருவியில் குறை எதுவும் காணப்படவில்லை.*

"சார், குளிர்ல வச்சுப் பாத்தோம். கத்தல. என் நிரல்லதான் தப்பு."

தண்டபாணி கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பூவரசனின் அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்றபோது தன் காரில் கூட்டிப்போனவர்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"மேடத்துக்கு. எனக்கு."

"இத பாரு. நேத்து பெஞ்சுல பாத்தோம். குறை காணப்படல. அதைத்தான எழுதியிருக்கு? பொய் ஒண்ணும் இல்லையே. நீ தப்பைச் சரி பண்ணு. அடுத்த மாசம் சர்வீசுக்குன்னு எல்லாப் பெட்டியையும் வரவச்சு மாத்திடலாம். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"அடுத்த மாசம் வரைக்கும் இறங்குறவங்க?"

"எல்லாரும் தினம் இறங்குறாங்களா? இறங்குனாலும் எல்லா நாளும் பனியா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனி மூடுனா எத்தனை குடும்பம்னு யோசி. உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. போலீஸ் ஸ்டேஷன் பாத்திருக்கியா நீ? உங்கப்பாவால வந்து நிக்க முடியுமா?"

பேனாவை அவன் சட்டைப் பையில் செருகிவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார்.

பூவரசன் படியிலேயே நின்றான். மேலே கதவு திறந்திருந்தது. கீழே தெருவும் திறந்திருந்தது. அப்படியே இறங்கி நடந்தால் பேருந்து நிறுத்தம். பேருந்து ஏறினால் சாயங்காலம் ஊர். அம்மா எதுவும் கேட்கமாட்டாள். லீவா என்று மட்டும் கேட்பாள்.

ஒரு படி இறங்கினான்.

மேலே எஸ்தரின் குரல் கேட்டது. வருகை எடுக்கிறார்.

"பூவரசன்."

அவன் அசையவில்லை.

"கீழதான் மேடம் இருக்கான், வந்துட்டே..." ரஹ்மத்துல்லாவின் குரல் பாதியில் நின்றது.

அமைதி. அந்த அமைதியை அவன் உள்ளேயிருந்து எத்தனையோ காலை கேட்டிருக்கிறான். அது வெளியே இப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"ரஹ்மத்துல்லா."

"இருக்கேன்."

"ஜெயசுதா."

"இருக்கேன் மேடம்."

பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. அதிகம் பேர் இல்லை. கடைசிப் பெயரும் முடிந்தது. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. போனை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது பேனா தட்டுப்பட்டது.

"பூவரசன்."

அதே குரல். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. முதல் முறை அழைப்பது போலவே இருந்தது.

"இருக்கேன் மேடம்" என்றான். படியிலிருந்து சொன்னதால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளே போனான். கையெழுத்துப் போடாத தாளையும் பேனாவையும் மேசையில் வைத்தான். எஸ்தர் தாளை வாசித்தார். அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி அவனிடமே தள்ளினார்.

"எண்களைச் சொல்லு. இதுல எழுது."

நடந்ததை அவர் மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னார். "நிரல் பூவரசன் எழுதினது. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டது நான்" என்றார். ஜெயசுதா வாயைப் பொத்திக்கொண்டாள். ரஹ்மத்துல்லா எழுந்து போய் எல்லோருடைய போன்களையும் மேசைக்குக் கொண்டுவந்தார்.

கூப்பிடத் தொடங்கினார்கள். பெட்டியை நம்பாதீர்கள். பூஜ்யம் காட்டினாலும் இறங்காதீர்கள். யாராவது உள்ளே இருந்தால் இப்போதே ஏறச் சொல்லுங்கள். சிலர் சரி என்றார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் "இதை நேத்து சொல்லியிருக்கக் கூடாதா" என்று கேட்டுவிட்டு வைத்தார். சொல்லி முடித்த பெயருக்கு நேராகப் பூவரசன் "சொல்லியாச்சு" என்று எழுதிக்கொண்டே வந்தான்.

முதலாளி வாசலில் வந்து நின்றார். எஸ்தர் அவரைப் பார்த்தார்.

"காட்டினா நீங்களே போன் பண்றேன்னீங்க. பெட்டி கீழ பெஞ்சுல இருக்கு."

அவர் இரண்டு அழைப்புகளைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே வக்கீலோடு பேசும் குரல் கேட்டது.

ராணிப்பேட்டைக் குழுவிடம் இன்னொரு பெட்டியும் இருந்தது. அந்த எண்ணைப் பூவரசன் யாருக்கும் கொடுக்கவில்லை. அவனே கூப்பிட்டான்.

"தனசேகர்ணே, அந்த இன்னொரு பெட்டி. அதை யாரும் எடுக்க வேண்டாம்."

"ஏன் சார்? நல்லாத்தான இருக்குன்னு பாத்தீங்க."

"நல்லா இல்ல. குளிர்ல மோந்து பாக்காமலே பூஜ்யம் காட்டுது. நான் எழுதினதுல தப்பு. நீங்க சரியாத்தான் பாத்தீங்க."

மறுமுனையில் பின்னால் பறையொலி கேட்டது. யாரோ ஒரு பெண் பெயர் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். தனசேகர் போனை வைக்கவில்லை. பூவரசனும் வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் தானாக அறுந்தது.

அந்தப் பெயருக்கு நேராக எழுதினான். எழுத்து கோணலாக வந்தது.

கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. லோகு மேஸ்திரி.

மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான். அடித்து ஓய்ந்தது. சன்னலுக்கு வெளியே பனி இன்னும் முழுதாக விலகியிருக்கவில்லை. எதிர்க் கூரைத் தகடுகளில் ஈரம் மின்னியது.

"வேற ஆள் நம்பர் இருக்கா?" என்று ரஹ்மத்துல்லா கேட்டார்.

"இல்ல. அவரு மட்டும்தான்."

"அந்தப் பக்கம்தான் என் தம்பி கடை. ஆள் அனுப்பச் சொல்றேன்." பேசிவிட்டு வைத்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் குரலை இளக்கினார். "டேய், இன்னிக்கு வேலை இருக்காதுடா. வேலை இருந்தா போன் கையில இருக்கும்ல? எடுக்கலன்னா வீட்டுல தூங்குறாருன்னு அர்த்தம்."

பூவரசனுக்கு அதை நம்ப ஆசையாக இருந்தது. மீன்குழம்பு நினைவு வந்தது. இது கத்துனா ஓடணும். கத்தலன்னா எறங்கணும். கரெக்டா?

தாளைப் பார்த்தான். எல்லாப் பெயருக்கும் நேராக ஒரு சொல் இருந்தது. ஒரு பெயருக்கு நேராக மட்டும் வெறுமையாக இருந்தது. பேனா அதன் மேல் நின்றது.

"மேடம், லோகு அண்ணன் எடுக்கல. இதுக்கு நேரா என்ன எழுதட்டும்?"

"எடுக்கலன்னு எழுது."

எழுதினான்.

"அப்புறம்?"

"கூப்பிடு" என்றார் எஸ்தர்.